அம்மாவுக்குப் பக்கத்து இடம்

மறுமையைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இங்கே செய்ய வேண்டியதை அவர்கள் அங்கே தள்ளி வைத்துவிடுவார்கள். பேச வேண்டிய பேச்சு, கேட்க வேண்டிய மன்னிப்பு, போய்ப் பார்க்க வேண்டிய நோயாளி எனப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அவர்களிடம் உள்ள விடை ஒன்றுதான்: அங்கே பார்த்துக்கொள்ளலாம். இவர்களுக்கென்று அங்கே ஓர் அலுவலகம் திறந்திருப்பதைப் போலவும், இவர்கள் போட்டுவிட்டுப் போன வேலைகளை முடித்துக்கொடுப்பதற்கென்றே ஒரு தேவதூதன் உட்கார்ந்திருப்பதைப் போலவும் அவர்களுக்கு நினைப்பு.

பன்காரர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார், பாடுவார், திரும்பி வருவார். மோட்சம், நரகம் என்று வாய் திறந்ததே இல்லை. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவர் திறந்தார். திறந்த வாயை மூடவைக்க வீட்டில் எவராலும் முடியவில்லை.

பன்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவருடைய தம்பியின் பெயர் ரொட்டிக்காரர். ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாய் நடத்திய பேக்கரியை அவள் இறந்த பிறகு பலகைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி இரண்டாக்கிக்கொண்டார்கள். முன்புறம் இரண்டு வாசல்கள், இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், இரண்டு மணிகள். வடக்குப் பாதியில் ரொட்டி. தெற்குப் பாதியில் பன்னும் ரஸ்க்கும். பின்கட்டில் இருந்த செங்கல் அடுப்பு மட்டும் பொதுவாக நின்றுவிட்டது. ஓர் அறை அளவுக்கு இருக்கும் அடுப்பை எந்தத் தச்சனும் பலகை வைத்துப் பிரித்துக்கொடுக்க முடியாது.

ஆகவே அடுப்பைப் பிரிக்காமல், அதன் சூட்டைப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி விடியுமுன் வந்து, விறகை அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே அடுக்கிக் கொளுத்துவார். கரிபிடித்த மேல்வளைவு வெளுக்கும் வரை எரிய விட்டு, தணலை வெளியே இழுத்துத் தள்ளி, கழியில் கட்டிய ஈரச்சாக்கால் தரையைத் துடைப்பார். ரொட்டிக்கு அந்த முதற்சூடு வேண்டும். ரொட்டிகள் வெளியே வந்த பின் அடுப்பு மெல்ல இறங்கத் தொடங்கும். சர்க்கரையும் பாலும் சேர்ந்த பன்னுக்கு அந்த இறங்குசூடுதான் பொருந்தும். முதற்சூட்டில் வைத்தால் மேலே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். பன்னும் வெந்த பிறகு, மிச்ச வெப்பத்தில் ரஸ்க் தன் போக்கில் காய்ந்துகொண்டு கிடக்கும்.

தம்பி ரொட்டியை எடுத்து முடித்ததும் இரும்புக் கதவைச் சாத்தி, அதை ரொட்டி இழுக்கும் மரத்துடுப்பால் ஓங்கித் தட்டிவிட்டுத் தன் வாசல் வழியே போய்விடுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகே அண்ணன் உள்ளே வருவார். விறகு ஈரமாக இருந்து சூடு குறைந்த நாள்களில் தம்பி அடுப்பின் வாயோரம் ஒரு குவியல் தணலை விட்டுவைத்திருப்பார். அண்ணன் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு தட்டுகளை வாய்ப்பக்கமாகத் தள்ளி வைப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல், பல ஆண்டுகளாக இந்த வேலை பிசகில்லாமல் நடந்துவந்தது. சபையில் இதை அறியாதவர் இல்லை. "என்ன செய்றது, மோட்சத்துல ஒண்ணாயிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருவரிடமும் பன்னும் ரொட்டியும் வாங்கித் தின்றார்கள். போய் இருவரையும் ஓரிடத்தில் உட்கார வைப்போம் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

பிணக்குக்குக் காரணம் சிறியதுதான். அதனால்தான் அது ஆறவில்லை. தாய்க்கு மூச்சுத்திணறல் வந்த காலையில் அண்ணனின் பன் தட்டுகள் அடுப்புக்குள் இருந்தன. தம்பி ஓடி வந்து கூப்பிட்டார். "நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ, இந்தத் தட்டை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் அண்ணன். அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் இறந்திருந்தாள். வார்டு வாசலில் அத்தனை பேர் முன்னிலையில் தம்பி சொன்ன ஒரு வாக்கியம்: "அம்மாவை விட உனக்கு பன் பெரிசாப் போச்சு." அதற்குப் பிறகு அவர்களிடையே இரண்டாவது வாக்கியம் பிறக்கவே இல்லை.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். மாவு ஈரம் குடித்துக் கனத்திருந்தது. குளிரில் பிசைந்த மாவு உப்பி எழ நேரம் பிடித்தது. நீண்ட மேசையின் ஒருபக்கம் நின்று பன்காரர் மாவை உருட்ட, எதிரே அவருடைய மனைவி உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றைச் சுற்றி அவர் கட்டியிருந்த பட்டை, குனியும்போதெல்லாம் அவரை முனக வைத்தது.

"என்னங்க, ஒண்ணு எலுமிச்சம்பழம், ஒண்ணு தேங்காய். மனசு எங்கே இருக்கு?"

"கல்லறைத் தோட்டத்துல."

"அங்கே இப்போ என்ன வேலை?"

"படுக்கற இடத்தைப் பத்தி யோசிக்கறேன்."

"ஆஸ்பத்திரியிலே கட்டில் குடுப்பாங்க. முதல்ல அதுல படுத்து எந்திரிங்க."

"உனக்கு விளையாட்டா இருக்கு. கத்தி வைக்கறது என் வயித்துல."

"குடலிறக்கத்துக்குக் கத்தி வச்சு யாராவது செத்திருக்காங்களா? மாவு மூட்டை தூக்குறவங்க பாதிப் பேருக்கு அது வருது. உங்க மகளும் போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டா, சின்ன ஆபரேஷன்னு."

"சின்ன ஆபரேஷன்ல சாகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

அவள் தேங்காய் அளவு உருண்டையைக் கிள்ளிச் சிறிதாக்கினாள். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போதகர் என்ன சொன்னார்? கேட்டேல்ல?"

"கேட்டேன். நல்லாத்தான் சொன்னார்."

"செத்தவங்க எந்திரிக்கும்போது புகை மாதிரி இருக்க மாட்டாங்களாம். அதே ஆளுதானாம். ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியுமாம். மறைஞ்சு கிடக்கிறது எல்லாம் வெளியே வந்துடுமாம்."

"ஆமா. அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"கல்லறைத் தோட்டத்துல அம்மா இருக்காங்க. அம்மாவுக்குப் பக்கத்து இடம் யாருக்கு?"

"தம்பிக்கு. அடுத்தது நமக்கு. அத்தை இருக்கும்போதே ரெண்டு பேரும் சேர்ந்துதானே கேட்டு வாங்கினீங்க?"

"அன்னிக்கு யாரு இதெல்லாம் யோசிச்சா? இப்போ யோசிச்சுப் பாரு. அம்மா எந்திரிக்கறாங்க. பக்கத்துல அவன் எந்திரிக்கறான். நான் மண்ணைத் தட்டிட்டு நிமிர்றதுக்குள்ளே அவன் சொல்லி முடிச்சிருப்பான்."

"என்னத்தைச் சொல்லுவாரு?"

பன்காரர் கையில் இருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தட்டை எடுத்துட்டு வரேன்னு நான் சொன்னதை."

அவள் கை நின்றது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் காலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"அது தேவனுக்குத் தெரியாதாங்க?" என்றாள் மெதுவாக.

"தேவனுக்குத் தெரியும். அவர் நியாயாதிபதி. ரெண்டு பக்கமும் கேப்பார். அம்மா அப்படி இல்லையே. அம்மாகிட்ட யாரு முதல்ல போய்ச் சொல்றானோ அவன் பேச்சுதான் எடுபடும். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். அவன் என் மண்டையை உடைச்சுட்டு, முதல்ல ஓடிப் போய் அழுதுடுவான். அடி எனக்கு விழும்."

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்தாள். சிரிப்பு முற்றி, மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். மாவு அப்பிய கையால் துடைத்ததில் இமையெல்லாம் வெள்ளை.

"சிரி. நல்லாச் சிரி. நான் போய் போதகர்கிட்ட சொல்லி இடத்தை மாத்தி வாங்கறேன். அதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

"அம்மாகிட்ட சொல்ல வேண்டியதைத் தம்பிகிட்டயே சொல்லிட்டா என்ன? நாலு அடி தூரத்துல இருக்காரு."

"அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதே" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார்.

போதகர் இளைஞர். அந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. முன்னறையில் ஒழுகிய இடத்தில் வாளி வைத்துவிட்டு, வாளிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியுமாகப் போட்டுப் பன்காரரை உட்கார வைத்தார். பன்காரர் தம் கோரிக்கையைச் சொன்னார். போதகர் சிரிக்கவில்லை, அந்த ஒன்றுக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

"எந்த வரிசையில எந்திரிப்போம்னு எனக்குத் தெரியாதுங்க."

"நீங்கதானே ஞாயித்துக்கிழமை சொன்னீங்க?"

"எந்திரிப்போம்னு சொன்னேன். வரிசை சொல்லலை. வேதத்துல அது இல்லை."

"படிச்ச உங்களுக்கே தெரியலைன்னா, நாங்க முன்ஜாக்கிரதையா இருந்துக்கறது நல்லதுதானே?"

போதகர் வாளியில் சொட்டும் நீரைப் பார்த்தார். "சரி, இடம் கிடைச்சிருச்சுன்னே வச்சுக்குவோம். அம்மா பக்கத்துல எந்திரிச்சிட்டீங்க. என்ன சொல்லுவீங்க?"

"அதெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்."

"என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

பன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, அன்னிக்குத் தட்டு உள்ளே இருந்துச்சு. நீங்கதான் சொல்லிக்குடுத்திருக்கீங்க, உள்ளே வச்சதை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. அதான் நான்... நீங்க போயிடுவீங்கன்னு எனக்கு..."

அதற்குமேல் வரவில்லை. வாளியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. போதகர் எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பன்காரர் குடித்துவிட்டு, தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறுமையைப் பத்தி நான் பிரசங்கம் பண்ணது பயமுறுத்தறதுக்கு இல்லைங்க" என்றார் போதகர். "அங்கே ஒரே பந்தியிலே உக்காரப் போறவங்க, இங்கேயே கொஞ்சம் பழகிக்கணும். அதுக்குத்தான்."

"அந்தப் பந்திக்கு ரொட்டி யார் போடுவா?"

"அதுவும் தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியாதது நெறைய இருக்கு" என்றார் பன்காரர், சற்றுத் தெளிவு பெற்றவராக. "அதை விடுங்க. இடத்தை மாத்தித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"மாத்தலாம். அது தம்பிக்குன்னு ஒதுக்கின இடம். ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வந்து சொல்லணும். சபையோட வழக்கம் அது."

"நீங்களே அவனைக் கேட்டுச் சொல்லக் கூடாதா?"

"கேக்கறேன். எதுக்குன்னு கேப்பார். காரணத்தையும் நானே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" பன்காரர் அவசரமாக எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்த உடைஞ்ச ஓட்டை மாத்துங்க. பொறுத்துக்கிட்டே இருந்தா உத்தரம் இத்துப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்திய நாள் காலை, பன்காரர் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. தம்பி வேலையை முடிக்கும் முன்பே பின்கட்டுக்குள் நுழைந்தார். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரர் வேர்வை வழியும் முதுகைக் காட்டிக்கொண்டு, நீண்ட துடுப்பை அடுப்புக்குள் செலுத்தி ரொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தார். வெந்த ரொட்டி மேசைக்கு வந்ததும் அதன் மேல்தோல் குளிர்காற்றுப் பட்டு மெல்ல நொறுங்கும் ஒலி கேட்டது. அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்து அடுக்கினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். அந்த ரொட்டிகளைத் தொடும் கையில் அவ்வளவு பரிவு.

"விறகு ஈரமா?" என்றார் பன்காரர்.

துடுப்பு நின்றது. ரொட்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் ஈரம்தான்" என்றார் அடுப்பைப் பார்த்து. "தணல் விட்டு வைக்கறேன்."

"சரி."

மேலும் சில ரொட்டிகள் வெளியே வந்தன.

"எனக்கு உன் இடம் வேணும்."

இப்போது திரும்பினார். "கடையிலயா?"

"கல்லறைத் தோட்டத்துல. அம்மா பக்கத்து இடம். நீ தள்ளிப் போய் என் இடத்தை எடுத்துக்கோ."

ரொட்டிக்காரர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணி ஆபரேஷன்னுதானே சொன்னாங்க? நீ நேரா அங்கேயே போறியா?"

"நக்கல் பண்ணாதே. தருவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு வேணும். எனக்கு அம்மாகிட்ட ஒரு வேலை இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"எனக்குத்தான் முதல்ல."

"நான்தான்டா மூத்தவன்!"

"மூத்தவன்னா? முதல்ல பொறந்தே, அதோட முடிஞ்சுது. முதல்ல எந்திரிக்கணும்னு எங்கே எழுதியிருக்கு?"

இரண்டு நரைத்த மனிதர்கள், தாய் மடிக்குச் சண்டையிடும் குழந்தைகளைப் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடுப்பு எவர் சண்டைக்கும் காத்திருப்பதில்லை, சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பன்காரர் ஒரு பிடி மாவை உள்ளே விசிறி, அது நிறம் மாறும் வேகத்தைப் பார்த்தார். பொருந்திவிட்டது. பேச்சோடு பேச்சாகத் தட்டுகளை எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் குனிவதைப் பார்த்த தம்பி, ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கையிலிருந்து வாங்கி உள்ளே தள்ளினார்.

"வாய்ப்பக்கமா வை."

"தெரியும். அம்மாகிட்ட உனக்கு என்ன வேலை? அதைச் சொல்லு."

பன்காரர் மூட்டைமேல் உட்கார்ந்தார். போதகர் முன்னால் வராத பேச்சு, அடுப்பைப் பார்த்தபோது வந்தது. "நீ சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். வேணும்னு நான் வராம இருக்கலை. தட்டு உள்ளே இருந்துச்சு. அம்மா போயிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். நீ முதல்ல போய், ‘பன் பெரிசாப் போச்சு அவனுக்கு’ன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் அம்மா கேக்க மாட்டாங்க."

ரொட்டிக்காரர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். நேராக நிற்கவில்லை, அது சறுக்கி விழுந்தது. எடுக்கவில்லை.

"அதை நான் அம்மாகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன?"

"ஆஸ்பத்திரியிலேயே. ‘பெரியவன் எங்கே’ன்னு கேட்டாங்க. ‘அவன் வர மாட்டான், அவனுக்கு பன் வேகுது’ன்னு சொல்லிட்டேன். கோவம் எனக்கு."

பன்காரர் அடுப்புக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அம்மா அழுதாங்களா?"

"இல்லை. திட்டினாங்க."

"என்னைத் திட்டத்தான் செய்வாங்க."

"உன்னை இல்லை. என்னை." ரொட்டிக்காரர் விழுந்து கிடந்த துடுப்பைப் பார்த்தார். "‘தட்டு உள்ளே இருக்கும்போது எப்படிடா வருவான்? நானா இருந்தாலும் எடுத்துட்டுத்தான்டா வருவேன்’னாங்க. மூச்சு வாங்குது, அப்பவும் பேசறாங்க. ‘எல்லாத்தையும் எடுத்தானா, பயந்து போய்ப் பாதியிலே போட்டுட்டு ஓடி வரானா, கேளு. மெதுவா வரச் சொல்லு’ன்னாங்க. அதுக்கு அப்புறம் அவங்க பேசலை."

பன்காரர் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எடுத்த வேகத்தில் தம்பியின் தோளில் ஓங்கி அடித்தார். மாவு புகையாகப் பறந்தது.

"அடப்பாவி! இதை இத்தனை வருஷமா வயித்துக்குள்ளே வச்சுக்கிட்டா இருந்தே? ஒவ்வொரு நாளும் இந்தக் கதவைத் திறக்கும்போது நான் செத்தேன்டா! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலை உனக்கு?"

"அடி. இன்னொண்ணு அடி." ரொட்டிக்காரர் நகரவில்லை. "தூக்கிட்டுப் போனது நான். பக்கத்துல உக்காந்தது நான். திட்டு எனக்கு, பரிவு உனக்கு. அதைக் கொண்டாந்து உன் கையிலயும் குடுக்கணுமான்னு அன்னிக்கு ஒரு வீம்பு. அப்புறம் நாள் போகப் போக, இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு நீ கேப்பியேன்னு பயம். சரி, அங்கே போனதும் அம்மாகிட்ட முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டு, ‘நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க’ன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் அந்த இடம்."

பன்காரர் துண்டை மறுபடி ஓங்கினார். அது பாதியில் இறங்கி அவர் முகத்துக்குப் போயிற்று. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். தம்பி பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல், அண்ணனின் முதுகில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். தட்டத் தட்ட மாவு ஒட்டிற்றே ஒழியக் குறையவில்லை.

"மெதுவா வரச் சொல்லுன்னாங்களா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"ஆமா. நீ வழுக்கி விழுந்துடப் போறேன்னு பயம் அவங்களுக்கு."

"நான் ஓடித்தான் வந்தேன்."

"தெரியும். செருப்பு இல்லாம வந்தே. பார்த்தேன்."

அப்போதுதான் ரொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "பன்!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து, வெறும் துணியைச் சுற்றிய கையோடு தட்டுகளை இழுத்தார். ஒன்று, மற்றொன்று என எல்லாம் மேசைக்கு வந்தன. பன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் கறுத்துப் போச்சு" என்றார் தம்பி.

"கறுப்பா? இதுக்குப் பேரு சிவப்பு. ரொட்டி போடுறவனுக்கு பன்னைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கா தெரியாது? உன் சூட்டை எல்லாம் இத்தனை வருஷமா அளந்து விடறது யாரு?"

"அளந்தியா? போன வாரம் ஒரு நாள் எல்லாம் வெளுத்துக் கிடந்துச்சு. அது யாரு அளந்தது?"

பன்காரரின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க, இது கறுப்பா, சிவப்பா?"

"அது கிடக்கட்டும். அந்தக் கல்லறை இடம் உங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம்; எனக்குக் குடுத்துடுங்க. நான் அத்தை பக்கத்துல நிம்மதியாப் படுத்துக்கறேன். எந்திரிச்சதும் நாங்க ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிச்சுக்கறோம். நீங்க அந்தப் பக்கமா நின்னு கறுப்பு சிவப்புன்னு கத்திக்கிட்டு இருங்க."

வெளியே இரண்டு வாசல்களிலும் ஆள்கள் கூடிவிட்டார்கள். தெற்கு மணியும் வடக்கு மணியும் மாறிமாறி ஒலித்தன. அவசரத்தில் ரொட்டிக்காரர் பன் தட்டோடு தெற்குப் பக்கம் போய்விட்டார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவரைக் கண்ட வாடிக்கையாளர்கள், வந்த வாசல் சரிதானா என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் போதகர் காத்திருந்தார். ஜெபம் பண்ணிவிட்டு, "அந்த இடம்..." என்று தயங்கினார்.

"அதை விடுங்க. எங்கே போட்டாலும் எந்திரிச்சுக்கறேன்" என்றார் பன்காரர். சக்கர நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு உட்கார்ந்து, "தள்ளுறது யாரு? மெதுவாத் தள்ளச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

எல்லாரும் சொன்னபடியே அது சின்ன அறுவை சிகிச்சையாகத்தான் இருந்தது. மயக்கம் தெளிந்து, மாலை வெயில் ஜன்னலில் விழுந்த வேளையில், ரொட்டிக்காரர் வந்தார். விடியுமுன் ரொட்டியும் பிறகு பன்னும் ஒருவராகவே போட்டு, இரண்டு வாசல்களிலும் விற்று, குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். களைப்பில் கண் சிவந்திருந்தது. கட்டில் ஓரம் நின்றபடியே பேசத் தொடங்கினார். பன் மாவில் சர்க்கரை எவ்வளவு போட்டார் என்று அண்ணன் குறுக்கு விசாரணை செய்தார். பேச்சு அங்கிருந்து விறகுக்காரனிடம் போயிற்று. சிறு வயதில் ஓடையில் விட்டுத் தொலைத்த ஒற்றைச் செருப்பிடம் போயிற்று. மண்டை உடைந்த கதைக்கும், அன்று முதலில் அழுதது யார் என்ற வழக்குக்கும் போயிற்று. பன்காரர் சிரித்தார், தையல் இழுத்தது, "ஐயோ" என்றார், மறுபடி சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் தம் வலியை மறந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்காரரின் மனைவி சுவரில் சாய்ந்து, வெகுகாலத்துக்குப் பிறகு வேலை எதுவும் இல்லாத கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஐயா, பார்க்கற நேரம் முடிஞ்சு போச்சு. தையல் போட்ட வயிறு. இப்படிச் சிரிக்க வச்சா எப்படி? மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம், கிளம்புங்க."

ரொட்டிக்காரர் போகத் திரும்பினார். பன்காரர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வேண்டாம்மா. இப்பவே பேசிடறோம். வந்ததிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கான், அவனுக்கு ஒரு நாற்காலி போடு."

நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு போய், நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.